கம்பளை ஓல்ட் பீகொக் தோட்டத்து தொழிலாளர் மியூசியமும் ஆவணக் காப்பகமும் – தாத்தா பேரை தேடிப் போனப்ப

இந்த எடத்தப் பத்தி எழுதணும்னு ரெண்டு மாசமா நெனச்சிக்கிட்டே இருந்தேன். வர்றவங்க நெறய பேரு இத மியூசியம்னு மட்டும் பாத்துட்டு, படம் புடிச்சிட்டு அரை மணித்தியாலத்துல எறங்கிடுறாங்க. உள்ள இருக்கிற ஆவணக் காப்பகத்தப் பத்தி யாரும் பெருசா பேசல, அதனால நான் அதப் பத்தித்தான் கூட எழுதப் போறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கிட்டு வாசிங்க.

நான் புசல்லாவ பக்கத்து தோட்டம். இப்ப கண்டியில வேலை. 2023ல தோட்ட வேலைக்கு இந்தியாவுலேருந்து நம்ம ஆளுங்க இலங்கை மலையகம் வந்து 200 வருஷம்னு சொல்லி தலைமன்னார்லேருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்கல்ல, கடைசி நாள் அப்பாவ மாத்தளைக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன். அவருக்கு எழுவது தாண்டிருச்சு, நடக்க முடியாது, ரோட்டு ஓரத்துல நின்னு பாத்தாரு. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில இருந்த தகரப் பெட்டிய இழுத்து வச்சாரு. எங்க தாத்தாவோட பெட்டி, பல வருஷமா யாரும் ஒழுங்கா தொறந்ததில்ல. உள்ள ஒரு டின் டிக்கெட், ஒரு கம்பளித் துண்டு, நாலா மடிச்ச பழுப்பு கடுதாசி கொஞ்சம். "இதுல என்ன இருக்குன்னு நீ பாத்து சொல்லு, எனக்கு இங்கிலீசு தெரியாது, எங்க அப்பாவுக்கும் தெரியாது"ன்னாரு. அதுலேருந்துதான் இந்த அலைச்சலே.

கடுதாசில ஒண்ணு மட்டும் கொஞ்சம் வெளங்குனிச்சு. தாத்தா பிரஜாவுரிமை கேட்டு போட்ட மனுவ தள்ளுபடி பண்ணி வந்த கடிதம். 1942 மார்ச்லேருந்து 1943 ஏப்ரல் வரைக்கும் இவரு இலங்கையில இருந்தாருங்கிறதுக்கு அத்தாட்சி இல்லன்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு இத வாசிச்சு சொன்னப்ப அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "எங்கப்பா ஒரு தடவ கூட ஊருக்குப் போகலயே"ன்னு. தாத்தா பொறந்தது துறையூர் பக்கம், சின்ன வயசுல, ஆள் சேத்து கூட்டிட்டு வந்து வேலை வாங்குற கங்காணி கூட வந்தவரு, திரும்ப அந்த மண்ண மிதிக்கவே இல்லன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லித்தான் கேட்டிருக்கேன்.

மொதல்ல நான் இங்க போகல. டவுன்ல ஒரு அரசாங்க பதிவு அறைக்குப் போனேன், எதுன்னு சொல்ல விரும்பல. மூணு தடவ போனேன். ஃபோர்ம் சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் மட்டும், தமிழ்ல கேட்டா முடிஞ்சு போச்சுன்னாங்க, அடுத்த தடவையும் முடிஞ்சு போச்சு. ஃபைல் நம்பர் என்ன, எந்த வருஷம், எந்த பிரிவுன்னு கேக்குறாங்க, அது தெரிஞ்சா நான் ஏன் வர்றேன். அப்புறம் எங்க தோட்டத்து ஆபீஸ்ல கேட்டு, பழைய செக்ரோல் புத்தகம், அதான் ஆளுங்க வேலைக்கு வந்த நாளும் சம்பளக் கணக்கும் எழுதுற புத்தகம், அடுக்கி வச்சிருக்கிற அறைய தொறந்து விட்டாங்க. ரெண்டு மணித்தியாலம் தூசியில உக்காந்து 1942 புத்தகத்துல தாத்தா பேரை தேடுனேன், இல்ல. 1941ல இருக்கு, 1943 கடைசியில இருக்கு, நடுவுல இல்ல. அப்ப அந்த கடிதம் சொல்றது சரிதானோன்னு எனக்கே ஒரு மாதிரி ஆகிருச்சு, அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லல.

அதுக்கப்புறம்தான் கூட வேலை செய்ற அக்கா ஒருத்தங்க ஓல்ட் பீகொக் போய்ப் பாருன்னு சொன்னாங்க. கண்டியில இருக்கிற சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ல ஆரம்பிச்ச எடம். கண்டியிலேருந்து நுவரெலியா பஸ் ஏறி பேராதனை, கம்பளை வழியா போகலாம், மெயின் ரோட்டுலேருந்து ஓட்டோ புடிச்சுக்கங்க, தோட்டத்து ரோட்டுல மழை நேரம் நடக்குறது லேசில்ல. போற வழியில கம்பளையத் தாண்டுறப்ப எனக்கு ஒரு நெனப்பு வரும் எப்பவும். 1820கள்ல ஜோர்ஜ் பேர்ட்ங்கிற வெள்ளக்காரன் பெரிய அளவுல கோப்பித் தோட்டம் போட ஆரம்பிச்சது இந்த கம்பளை சிங்ஹாபிட்டியவுலதான். கோப்பிக்குத்தான் நம்ம ஆளுங்க மொதல்ல வந்தாங்க, தேயிலைக்கு இல்ல. 1869ல கோப்பி எலயில நோய் விழுந்து எல்லாம் அழிஞ்ச பெறகுதான் தேயிலை மலை பூரா ஏறுச்சு. நாம ஒக்காந்து போற பஸ் ரோடு, ரயில் ரோடு எல்லாத்துலயும் அவங்க வேர்வை இருக்கு. ஆனா இந்த கம்பளை டவுன்ல அவங்க பேரு போட்ட ஒரு கல்லக் கூட நான் பாத்ததில்ல.

மியூசியம் இருக்கிறதே தொழிலாளர் குடும்பங்க வரிசையா இருந்த ஒரு பழைய லயத்துலதான். இது எனக்கு ரொம்ப புடிச்சது. ஹந்தானையில இருக்கிற தேயிலை மியூசியமும் போயிருக்கேன், அதுவும் நல்ல எடம், பழைய ஸ்டோர், அதான் தேயிலை ஃபெக்டரி, பெரிய பெரிய மெஷின், மொதல்ல தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர், தேயிலை வியாபாரி லிப்டன் எல்லாரும் இருக்காங்க, மேல ஏறினா கண்டி நல்லா தெரியும். தேயிலை எப்படி வந்திச்சுன்னு அங்க பாக்கலாம். கொழுந்து பறிச்சவ எப்படி இருந்தாங்கிறத இங்கதான் பாக்கலாம். காம்பராவுக்குள்ள குனிஞ்சு நொழஞ்சதும் சுவத்துல பொகை வாசம் இல்லாட்டியும் எனக்கு பொகை வாசம் வந்த மாதிரி இருந்திச்சு, ஏன்னா நான் பன்னெண்டு வயசு வரைக்கும் பத்துக்கு பன்னெண்டு அடி காம்பராவுல ஆறு பேரோட வளந்தவ. அம்மி, ஒலக்கை, கவ்வாத்து கத்தி, கொழுந்து கூடை, தப்பு மேளம், பழைய நகை, படங்கள், தொழிற்சங்க காலத்து கடுதாசிகள். தப்ப பாத்ததும் அது அடிச்சு பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, கூப்பிட்ட கதைய அப்பா சொன்னது ஞாபகம் வந்திச்சு, விடிய முன்னுக்கே அந்த சத்தம் கேட்டதும் அடுப்புல வச்ச தேத்தண்ணிய அப்படியே விட்டுட்டு ஓடுவாங்களாம்.

பாத்து முடிச்சிட்டு காப்பகத்துல உக்காந்தேன். பெட்டிய அப்படியே கொண்டு போயிருந்தேன். அங்க இருந்த வயசான ஐயா ஒருத்தரு ஒவ்வொண்ணா எடுத்து மேசையில பரப்புனாரு, அவசரமே இல்ல. மடிப்ப பிரிக்கிறப்ப ரெண்டு கையாலயும் ஓரத்த புடிச்சு, நடுவுல ஊதி, ஒரு வெள்ளத் தாளுக்கு மேல வச்சு பிரிச்சாரு. நான் வீட்டுல பிரிச்ச மாதிரி பிரிச்சிருந்தா இன்னும் நாலு தடவையில அது நாலு துண்டா போயிருக்கும்.

டின் டிக்கெட்ட கையில எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சாரு. ஒரு ரூவா காசு கணக்கா சின்ன தகரத் தட்டு, மேல ஒரு ஓட்டை, எழுத்தும் நம்பரும் பொறிச்சிருக்கு. "புள்ள, இது உங்க தாத்தா கழுத்துல தொங்கிக்கிட்டு வந்தது, இந்த நம்பர பாத்துத்தான் எந்த தோட்டத்துக்கு அனுப்புறதுன்னு வழி பூரா தீர்மானிச்சாங்க, பேரு யாருக்கும் தேவப்படல"ன்னாரு. நான் அத சின்ன வயசுல வெளயாட்டு சாமானா உருட்டியிருக்கேன். கயிறு போட்ட ஓட்டையோட ஓரம் மட்டும் தேஞ்சு வழுவழுன்னு இருக்கு, அத அவரு வெரல வச்சு காட்டுனப்பதான் கவனிச்சேன்.

அப்புறம் அந்த தள்ளுபடி கடிதம். அத அவரு வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசல. அவரு வெளங்கப்படுத்தின விதத்தத்தான் நான் இங்க எழுதணும், பள்ளிக்கூடத்துல எனக்கு யாரும் இப்படி சொல்லித் தரல. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆளுங்க கிட்டத்தட்ட 7 லட்சம் பேரு ஒரே அடியா நாடு இல்லாதவங்களா ஆனாங்கல்ல. அதுக்கு அடுத்த வருஷம், 1949ல, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து, வேணும்னா மனு போடுங்கன்னாங்க. ஆனா 1946 ஜனவரி 1க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்கன்னா 7 வருஷம், ஆகாதவங்கன்னா 10 வருஷம் விடாம இங்க இருந்திருக்கணும், அத நிரூபிக்கணும். நடுவுல 12 மாசத்துக்கு மேல நாட்ட விட்டுப் போயிருந்தா விடாம இருந்த கணக்கு அறுந்து போகும். ஏறக்குறைய 8 லட்சம் பேருக்காக மனு போச்சு, கெடச்சது 1 லட்சத்து 34 ஆயிரம் சொச்சம் பேருக்குத்தான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆளு, லயத்துல இருக்கிறவன், பாஸ்போட் இல்ல, வீட்டு உறுதி இல்ல, வரி கட்டுன ரிசீட் இல்ல, பொறந்த சர்டிபிகட் இல்ல. 1939லேருந்து நான் இங்கதான் இருந்தேன்னு அவன் எதக் காட்டி நிரூபிப்பான்? தோட்டத்து செக்ரோல் ஒண்ணுதான். அதுவும் தோட்டத்து மேனேஜர் தொரை கையில. தாத்தாவுக்கு இல்லாமப் போன மாசத்த எண்ணிப் பாத்தா மார்ச்லேருந்து அடுத்த ஏப்ரல் வரைக்கும், 12அ தாண்டுது. 1942ங்கிறது கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், அந்த நேரம் ஊருக்கு ஓடியிருப்பான்னு நெனச்சாங்களோ என்னமோ.

நான் செக்ரோல்ல தேடிப் பாத்தேன், இல்லன்னு சொன்னேன். அப்பதான் அந்த ஐயா கேட்டாரு, "பேரை வச்சு தேடுனியா, கங்காணிய வச்சு தேடுனியா?"

இந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்த எடத்துக்கு முழு மார்க் குடுப்பேன். செக்ரோல் அகர வரிசையில இருக்காது. கங்காணி கங்காணியாத்தான் இருக்கும், ஒவ்வொரு கங்காணியோட ஆளுங்களும் ஒரு கட்டு. ஒருத்தரு கங்காணி மாறினா, கடன் தகராறோ கல்யாணமோ எதுனாலயோ, பக்கம் மாறிடும். மேக்கணக்குலேருந்து கீக்கணக்குக்கு, அதான் தோட்டத்து மேல் பிரிவுலேருந்து கீழ் பிரிவுக்கு, போனா புத்தகமே மாறிடும். புதுக் கட்டுல அதே பேருல இன்னொருத்தன் இருந்தா பேருக்குப் பின்னால 2ன்னு போடுவாங்க, இல்லன்னா அப்பன் பேர சேப்பாங்க. எழுதுறவரு காதுல விழுந்த மாதிரி இங்கிலீஷ்ல எழுதுவாரு. முத்துசாமி ஒரு பக்கத்துல முத்துசமியா இருப்பாரு, அடுத்த பக்கத்துல மூட்டுசாமியா இருப்பாரு. பழனியாயி பளனையா இருக்கும், அது பொம்பளையா ஆம்பளையான்னே தெரியாது. சிங்களத்துல எழுதுன பெறகு பாத்தா இன்னொரு பேரு. நம்ம வீட்டுல பொறப்பு பத்திரத்துல ஒரு பேரு, ஐசியில, அதான் அடையாள அட்டையில, ஒரு பேரு, பென்சன் புத்தகத்துல ஒரு பேருன்னு அலையிறவங்களுக்கு இது நல்லா வெளங்கும். "உங்க பாட்டி எந்த கங்காணி ஆளு, கேட்டுட்டு வா"ன்னு அனுப்பி வச்சாரு.

அப்பாகிட்ட கேட்டேன். தாத்தா கல்யாணம் பண்ணினதும் பாட்டியோட மாமன் கங்காணி கூட்டத்துக்கு மாறிட்டாரு, கொஞ்ச காலம் கீக்கணக்குலதான் இருந்தாங்க, பெறகு திரும்ப வந்தாங்கன்னு சாதாரணமா சொன்னாரு. இத்தன வருஷம் வாயில இருந்த விஷயம். யாரும் கேக்கல.

லீவு போட்டுட்டு திரும்ப தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். கீக்கணக்கு புத்தகம் தனியா கட்டி மேல் தட்டுல இருந்திச்சு. இந்த புத்தகங்க மிஞ்சினதே பெரிய விஷயம்ங்க. 1975ல கம்பெனி தோட்டங்கள அரசாங்கம் எடுத்திச்சு, அப்புறம் ஜனவசம, பெருந்தோட்ட கூட்டுத்தாபனம்னு ரெண்டு அரசாங்க நிறுவனங்க கையில, பெறகு 1992ல திரும்ப கம்பெனிங்க கைக்கு நிர்வாகம் போச்சு. ஒவ்வொரு தடவ கை மாறுறப்பவும் எத்தன ஆபீஸ்ல பழசெல்லாம் குப்பையாகி எரிச்சிருப்பாங்க. 77, 83 இனக் கலவரத்துல லயத்தோட சேத்து எரிஞ்ச பெட்டிங்க தனி.

1942 மார்ச் பக்கம். பெரிய புத்தகம், ரெண்டு கையாலயும்தான் தூக்கணும். இடது பக்கம் பேரு, அதுக்கு நேரா 1லேருந்து 31 வரைக்கும் கட்டம். வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு, அரைப்பேருக்கு, அதான் அரை நாள் வேலைக்கு, அரை, வராத நாளுக்கு வெறும் கட்டம். வலது பக்கம் அரிசி, முன்பணம், கம்பளின்னு சம்பளத்துல புடிச்ச கணக்கு. பாட்டியோட மாமன் கங்காணி பேரு மேல, அதுக்கு கீழ பதினேழாவது ஆளு எங்க தாத்தா. பேரு கொஞ்சம் கோணலா எழுதி, பின்னால ஒரு 2. அடுத்த வரியில பாட்டி பேரு. ஒடனே நம்பிடல நான், பாட்டி பேரும் கூட இருந்ததுனாலதான் நம்புனேன், ரெண்டு பேரும் ஒண்ணா வேற யாராவும் இருக்க முடியாது. ஏப்ரல், மே, ஜூன்னு பெரட்டுறேன், எல்லா மாசமும் இருக்காரு. நவம்பர்ல கம்பளி வாங்கியிருக்காரு, மூணு மாசத்துல புடிச்சிருக்காங்க. 1943 ஏப்ரல் வரைக்கும் ஒரு மாசம் விடாம இருக்காரு. இருந்த ஆள இல்லன்னு எழுதி அனுப்பிட்டாங்க.

அவரு 1979ல செத்தாரு. 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5 லட்சத்து 25 ஆயிரம் பேரு இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரு இங்கன்னு பிரிச்சாங்களே, அப்ப தாத்தா இந்தியா போக மாட்டேன்னு இங்க கேட்டு மனு போட்டாராம், பதில் வந்த மாதிரி அந்தப் பெட்டியில ஒரு கடுதாசியும் இல்ல. அப்பாவுக்கே 1988ல வந்த சட்டத்துலதான் பிரஜாவுரிமை கெடச்சது. எனக்கு பொறக்குறப்பவே இருந்திச்சு. ஒரே வீட்டுல மூணு தலைமுறை, மூணு மாதிரி.

சரி, போறவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். சும்மா போய் நிக்காம முன்னாடி ஃபோன் பண்ணி, ஆவணம் பாக்கணும்னு சொல்லிட்டுப் போங்க, மியூசியம் பாக்க வர்றவங்களுக்கும் நமக்கும் தேவப்படுறது வேற. பேனா வேணாம், பென்சில் கொண்டு போங்க, எந்த காப்பகத்துக்குப் போனாலும் இத பழக்கமா வச்சுக்கங்க, மை பட்டா பழைய தாள் போச்சு. வீட்டுல இருக்கிற கடுதாசிய லேமினேட் பண்ணிடாதீங்க, எங்க சித்தப்பா வீட்டுல அப்படி ஒண்ண பண்ணி இப்ப எழுத்து பூரா மஞ்சளா மங்கி கெடக்கு, பிரிக்கவும் முடியாது. போறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட கங்காணி பேரு, மேக்கணக்கா கீக்கணக்கா, லயத்து நம்பரு, தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க சொல்ற பேரு, எல்லாத்தயும் கேட்டு எழுதிக்கங்க. தோட்டத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்கும், தமிழ்ல நாம கூப்பிடுற பேரு முழுக்க வேறயா இருக்கும், ரெண்டும் தெரியாம தேடினா கெடைக்காது. பாட்டிமாருங்ககிட்டத்தான் இதுக்கெல்லாம் பதில் இருக்கு, ஆம்பளைங்க அவ்வளவா ஞாபகம் வச்சிருக்கிறதில்ல, இது என் அனுபவம். குளிருக்கு சுவெட்டரும், சாப்பாடும் எடுத்துக்கங்க, ஒரு நாள் பூரா போயிடும்.

பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்கன்னும் சொல்லுவேன். முல்லோயா தோட்டத்துல 1940ல சம்பளம் கேட்டு போராடி சூடு பட்டு செத்த கோவிந்தன், 1977ல டெவன் தோட்டத்துல காணிக்காக செத்த சிவனு லெட்சுமணன், இவங்க பேரெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு தெரியாது. பரீட்சைக்கு வராது, அதனால யாரும் சொல்லித் தர்றதும் இல்ல. பழைய படங்களுக்கு முன்னால நின்னு இவங்க கதைய சொன்னா நிச்சயம் காதுல ஏறும்.

தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல் பக்கங்கள ஃபோன்ல படம் எடுக்க விடல, பென்சில்ல எழுதிக்கச் சொன்னாங்க. அதனால ஒரு கொப்பியில 14 மாசத்தையும் கட்டம் கட்டமா எழுதிட்டு வந்தேன். ராத்திரி அப்பாகிட்ட காட்டினேன். கடிதம் தப்புன்னு சொன்னதுக்கு அவரு பெருசா ஒண்ணும் சொல்லல. கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொரு மாசமா வெரல வச்சு எண்ண ஆரம்பிச்சாரு, "மார்ச்சுல 24... ஏப்ரல்ல 23, சித்திரை வருஷப் பொறப்பு வருதுல்ல... ஜூன்ல 19தான், மழை போல". ஆகஸ்ட்டுல நாலு நாள் சேந்தாப்ல வெறும் கட்டமா இருந்திச்சு. அந்த எடத்துல நிறுத்திட்டாரு. பெரிய அத்தை பொறந்தது அந்த ஆகஸ்ட்டு மாசம்தான்னாரு.

ஓல்ட் பீகொக்குக்கு அடுத்த மாசம் திரும்பப் போறோம், அப்பாவும் வர்றாரு. கடிதத்தையும் என் கொப்பிய பாத்து எழுதின பிரதியையும் அங்க குடுக்கலாம்னு இருக்கோம். டின் டிக்கெட்ட மட்டும் அப்பா குடுக்க மாட்டேங்கிறாரு. புது கயிறு ஒண்ணு கோத்து சாமிப் படத்துக்கு பக்கத்துல ஆணியில மாட்டியிருக்காரு.